பட்டறைக்கல்லின் வாயை அடைத்தேன்

எங்கள் வீட்டில் யாருக்குப் போன் வந்தாலும் இரண்டு பேர் "யாரு போன்ல?" என்று கேட்பார்கள். ராங் நம்பர் என்று சொன்னால், யாரைத் தேடி வந்த ராங் நம்பர் என்று விசாரிப்பார்கள். ஒருவர் என் மாமியார், இன்னொருவர் என் கணவர். மாமனாருக்கு மட்டும் போன் அடித்ததே தெரியாது. நாற்பது வருஷம் இரும்படித்ததில் அவருக்கு வலது காது முழுதாகவும் இடது காது பாதியும் போய்விட்டன. அவரிடம் ஒரு விஷயம் சொல்வதென்றால் தெருவுக்கே சொல்வது போலத்தான்.

இவர்களைக் கெட்டவர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மூன்று வருஷத்தில் என்னை ஒருவரும் ஒரு சொல் அதட்டியதில்லை. தலைவலி என்றால் இரண்டு விதத் தைலம் வரும், தேய்த்துவிட ஆளும் வரும். கொஞ்ச நேரம் தனியாகப் படுத்திருக்க மட்டும் விடமாட்டார்கள். அதட்டுகிறவர்களிடமிருந்து ஓடிப்போகலாம். தைலத்தோடு வருகிறவர்களிடமிருந்து எங்கே ஓடுவது?

வீடு ரயில் பெட்டி போல நீளம். முன்னறை, படுக்கையறை, சமையலறை, துவைக்கும் இடம், கடைசியில் ஒரு சின்ன முற்றமும் தகரக் கொட்டகையும். ஓர் அறைக்குப் போக இன்னோர் அறையைக் கடந்தாக வேண்டும். உள்ளே எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஊருக்கெல்லாம் தாழ்ப்பாளும் கொக்கியும் அடித்துக் கொடுக்கிற மனிதரின் வீடு இது. படுக்கையறைக்கு ஒன்று போடலாமா என்று வந்த புதிதில் கேட்டேன். "நமக்குள்ள எதுக்கும்மா தாழ்ப்பாள்?" என்றார் அத்தை. கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். குளியலறைக்கு மட்டும் தாழ்ப்பாள் உண்டு. ஆனால் அதன் சுவர் கூரை வரை போகவில்லை. உள்ளே ஒரு தும்மல் போட்டால் சமையலறையிலிருந்து "வெந்நீர் வைக்கட்டுமா?" என்று குரல் வரும்.

வெளியே போய்ப் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். நான் செருப்பைத் தேடினாலே அத்தை தன் செருப்பைத் தேட ஆரம்பிப்பார். "இரு, நீ ஒருத்தியா போவே? நானும் வரேன்." தெருமுனைக் கடையில் சோப்பு வாங்க இரண்டு பேர் போய் இரண்டு பேர் திரும்பி வருவோம்.

கல்யாணத்துக்கு முன் நான் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். என் அக்கா இருக்கிற ஊரில், ரயிலில் ஆறு மணி நேரத் தூரத்தில், ஒரு கம்பெனி. பெரிய பெரிய மெஷின்களுக்கு அடியில் வைக்கிற ரப்பர் பேட் செய்கிற இடம். மெஷின் குதித்தால் தரை குதிக்கக் கூடாது, அது கத்தினால் பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கக் கூடாது. அதுதான் எங்கள் தொழில். ஒரு மெஷினின் எடையையும் வேகத்தையும் சொன்னால் அடியில் எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு கெட்டி என்று நான் நின்ற இடத்தில் சொல்லிவிடுவேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இந்த வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதை, என் கணவர் வைத்த 'ரப்பர்' என்ற பட்டப்பெயர்தான்.

மறுபடி வேலைக்குப் போகட்டுமா என்று இரண்டு தடவை சாப்பிடும்போது கேட்டேன். கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. "பார்க்கலாம்மா" என்றார் அத்தை. "பார்க்கலாம்" என்றார் கணவர். மாமனார் எதுவும் காதில் விழாதவர் போலத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூடாது என்றால் சண்டை போடலாம், அழலாம், இரண்டு நாள் பட்டினி கிடக்கலாம். பார்க்கலாம் என்கிறவர்களை என்ன செய்ய முடியும்? பஞ்சு மூட்டையைக் குத்துவது போலத்தான். கை உள்ளே போகும், எடுத்தால் மூட்டை பழையபடி நிற்கும்.

அதனால் முதலில் வேலையை வாங்குவது, பிறகு சொல்வது என்று நானாகத் தீர்மானித்தேன். வேலை கையில் இருந்தால் அப்புறம் பார்க்க என்ன மிச்சம் இருக்கும்? அக்காவிடம் மட்டும் சொன்னேன். மெசேஜ் அனுப்பலாம்தான், ஆனால் என் போன் வீட்டில் எல்லார் கையிலும் புழங்கும். சொல்வதற்கு வழி கிடைத்ததே பட்டறைக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

மாமனார் வாடகைக்கு வைத்திருந்த பட்டறையை இடிக்கப் போகிறார்கள் என்று எட்டு மாதத்துக்கு முன் காலி செய்யச் சொன்னார்கள். உலை வந்தது, சம்மட்டிகள் வந்தன, கடைசியாக மினி வேனில் அந்தக் கல் வந்தது. பெயர்தான் கல், முழுக்க எஃகு. தொண்ணூறு கிலோ. ஒரு பக்கம் கூம்பாகக் கொம்பு, மறுபக்கம் சதுரமாக வால், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. நான்கு பேர் உருளைக் குழாய்கள் மேல் பலகை போட்டு, அறை அறையாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அத்தை "சுவரு, சுவரு" என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார். முன்னறையிலிருந்து கொட்டகைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அது வந்து சேர்ந்ததைப் பார்த்தபோது, இனி இது இங்கிருந்து வெளியே போகாது என்று தோன்றியது. என்னைப் பற்றியும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

கல்லை உட்கார வைக்க ஒரு தடித்த மரக்கட்டை. அதன் உயரத்துக்கு அளவு நாடா போதாதாம். மாமனார் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மடக்கினார். மடக்கிய விரல்முட்டி எங்கே நிற்கிறதோ அங்கே கல்லின் முகம் இருக்க வேண்டும். ஒரு விரல் உயர்ந்தால் தோள் போய்விடும், ஒரு விரல் தாழ்ந்தால் இடுப்பு போய்விடும். கட்டையை ஓர் அங்குலம் அறுக்க வேண்டியிருந்தது. நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன். அறுத்து வைத்ததும் அவர் மறுபடி முஷ்டியை மடக்கிப் பார்த்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

முதல் அடி விழுந்தபோது சமையலறையில் தட்டுகள் நடுங்கின. ணங் என்ற அந்த ஓசை விட்டுப் போவேனா என்று நின்றது. பழைய வேலைப் பழக்கத்தில் நான் எண்ணினேன். பதினைந்து எண்ணும் வரை காதில் இருந்தது. அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். வாய் அசைந்தது தெரிந்தது. சொன்னது கேட்கவில்லை. இரண்டடி தூரத்தில் நின்று பேசிய அத்தையின் குரல் எனக்குக் கேட்கவில்லை. என் மூளை அங்கேயே விழித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து மாமனார் சுத்தியலை எடுத்தால் நான் துணி மூட்டையை எடுத்தேன். துவைக்கும் இடத்தில் கொட்டகையைப் பார்த்தபடி கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று, போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு அக்காவைக் கூப்பிடுவேன். ஆனால் கொல்லர் ஓயாமல் அடித்துக்கொண்டே இருப்பதில்லை. இரும்பு உலையில் சிவக்க இரண்டு நிமிஷம் ஆகும். வெளியே எடுத்தால் அரை நிமிஷம் அடி, அதற்குள் கறுத்துவிடும், மறுபடி உலைக்குப் போகும். ஆக, இரும்பு உலையில் இருக்கும்போது அக்கா பேசுவாள், நான் துணி கசக்குவேன். இரும்பு கல்லுக்கு வந்ததும் வாயைப் போனோடு ஒட்டிவைத்து நான் பேசுவேன். அரை நிமிஷத்தில் சொல்லி முடிக்கவில்லை என்றால் மிச்சம் அடுத்த சூட்டுக்குத்தான். "அவர்கிட்ட இதைச் சொன்னேன்னு வை" என்று நிறுத்தினால், "தூங்கிடுவாரு" என்பதை அக்கா இரண்டு நிமிஷம் காத்திருந்து கேட்பாள். "மூணு வருஷமா நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தியேடி" என்றாள் ஒருநாள். "இப்பதான் நீ பேசற மாதிரி இருக்கு." அந்தச் சூடு முழுவதும் நான் அழுதேன். அழுவதற்கும் நல்ல சத்தம்தான் அது.

இதற்கு நடுவில் மாமனாரிடம் ஒரு கோளாறு தெரிய ஆரம்பித்தது. கறுத்த இரும்பை அடிக்கிறவன் கொல்லனே இல்லை என்று பேசுகிற மனிதர், தானே கறுத்த இரும்பை அடித்துக்கொண்டிருந்தார். சிவப்பு போய், மங்கல் போய், சுத்தமாகக் கறுத்த பிறகும் ணங் ணங் என்று தொடர்ந்தார். அப்படி அடித்ததில் இரண்டு கொக்கிகள் வெடித்தும் போயின. பார்வை மங்குகிறது போல என்று கணவரிடம் சொன்னேன். மூன்று பேருமாகக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டர் சோதித்துவிட்டு "இவர் கண்ணை எனக்குக் கொடுத்தா நான் வாங்கிக்குவேன்" என்றார். வயசாகிறது, வேறென்ன என்று நாங்களே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அப்புறம் கணவருடைய ஆபீஸ் கட்டடத்தைக் காலி செய்தது. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். முன்னறையில் மேசை வந்தது, தலையில் மாட்டிக்கொள்ளும் மைக் வந்தது. காலையிலிருந்து மாலை வரை அவர் போனில்தான் இருந்தார். அவரை ஒருவரும் யாரு போன்ல என்று கேட்கவில்லை. இரண்டாம் நாளே அவருடைய மேலதிகாரி, உங்கள் வீட்டுக்குப் பின்னால் பாலம் கட்டுகிறார்களா என்று கேட்டாராம்.

அவர் பேச நிசப்தம் வேண்டும், நான் பேசச் சத்தம் வேண்டும். எந்தப் பேச்சு ஜெயிக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வீட்டிலிருந்தே வேலை என்றால் எந்த வீட்டிலிருந்து பார்த்தால் என்ன, என் அக்கா ஊரில் ஒரு வீடு எடுத்தால் இரண்டு பேருக்குமே ஆகுமே என்று ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தேன். "பார்க்கலாம்" என்றார். மைக்கைக் கழற்றாமலே சொன்னார்.

கல்லை அடக்கும் வேலையை முதலில் அத்தை கையில் எடுத்தார். பழைய மெத்தை விரிப்பை எட்டாக மடித்துக் கல்லுக்கு அடியில் வைக்கச் சொன்னார். மாமனார் ஒரு அடி போட்டார். கல் தத்தியது. அடியின் பலம் முழுவதையும் விரிப்பே தின்றது. இரும்பு அப்படியே கிடந்தது, சத்தமும் அப்படியே இருந்தது. மாமனார் விரிப்பை உருவி எடுத்துத் துவைக்கும் இடத்தில் போட்டார். அடுத்து கணவர் கொட்டகைச் சுவர் முழுக்கக் கடற்பஞ்சு மாதிரி எதையோ ஒட்டினார். அடிக்கும்போது தெறித்த பொறி ஒன்று அதில் விழுந்தது. இரண்டு நாள் வீடு பூராவும் தீய்ந்த வாடை.

மூன்றாம் நாள் கணவர் என்னிடம் வந்தார். "நீதானே ரப்பர். மெஷின் சத்தத்தை நிறுத்தறதுதானே உன் வேலை. உனக்குத் தெரியாததா? நீ ஏதாவது பண்ணேன்."

மூன்று வருஷத்தில் என் வேலையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு உடம்பெல்லாம் சூடானது. அடுத்த கணமே அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. இந்தச் சத்தத்தை நிறுத்தினால் நான் எங்கே போய்ப் பேசுவேன்? முடியாது என்றால் ஏன் முடியாது என்று இரண்டு பேர் கேட்பார்கள். சரி, அரைகுறையாகச் செய்வோம், பதினைந்து எண்ணுவது எட்டாகக் குறைந்தால் போதும், அவருக்கும் ஆச்சு நமக்கும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காகிதத்தில் படம் போட ஆரம்பித்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. தடியான மெத்தை வைத்தால் அடி வீணாகும். மெல்லிசாக, கெட்டியாக, இடுக்கு விடாமல் ஒட்டிக்கொள்கிற ஒன்று வேண்டும். கண்ணாடிக்கு ஒட்டுகிற சிலிகான் பசையில் ஐந்து குழாய் வாங்கிவரச் சொன்னேன். மரக்கட்டையின் தலையை ரம்பத்தாலும் இழைப்புளியாலும் மட்டமாக்க ஒரு பகல் ஆனது. கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, பசையை இரண்டு மில்லிமீட்டருக்குப் பரப்பி, மேலே இறக்கினோம். பிதுங்கியதை நான் விரலால் வழித்தேன். கல்லின் பாதங்களை அழுத்திப் பிடிக்க நான்கு பட்டைகள் வேண்டும் என்று படத்தைக் காட்டினேன். மாமனார் அதைத் தூரமாகவும் கிட்டேயும் பிடித்துப் பார்த்தார். பிறகு அதே மாதிரி நான்கு பட்டைகள் அடித்து, தடித்த திருகாணி போட்டு முறுக்கினார். இன்னும் அரைச் சுற்று என்று நான் கையால் காட்டினேன். இன்னும் அரைச் சுற்று முறுக்கினார். கல்லின் இடுப்பைச் சுற்றி வாசல் கேட்டின் பழைய சங்கிலியைக் கட்டினேன். ஓசை அதிகமாகக் கிளம்புவது கொம்பிலும் வாலிலும்தான். வாலுக்கு அடியில், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒட்டவைத்தேன். பசை இறுக இரண்டு நாள் விட்டோம்.

இரண்டு நாள் கழித்து மாமனார் அடித்தார். டொக். ஒன்று என்று எண்ண வாயைத் திறந்தேன், எண்ண ஒன்றும் இல்லை. ஆனால் சுத்தியல் நன்றாகத் துள்ளி எழுந்தது. அடி வீணாகவில்லை, சத்தம் மட்டும் செத்துவிட்டது. இதைவிட நன்றாக என் கம்பெனியில் ஒருவரும் செய்திருக்க முடியாது. நான் சத்தியமாகச் சிரித்தேன். கணவர் முன்னறையிலிருந்து ஓடிவந்து "அப்பா அடிக்கிறாரா என்ன?" என்றார். அத்தை என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். அத்தை சமையலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் ஒவ்வொரு சொட்டாகக் கேட்டது. என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலையே அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. குளியலறையில் நின்று படித்தேன். பழைய சூப்பர்வைசர் என் பெயரைச் சொல்லிவிட்டாராம். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் புது மேனேஜர் போனில் பேசுவார். எடுக்கவில்லை என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். படித்துவிட்டு அழித்தேன். "என்னம்மா, இவ்ளோ நேரம்? வயிறு சரியில்லையா?" என்று குரல் வந்தது.

மூன்று நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. நிசப்தம் வந்த பிறகு வீடு இன்னும் சின்னதாகிவிட்டது. நான் கரண்டியை வைத்தால் முன்னறைக்குக் கேட்கிறது. பெருமூச்சு விட்டால் "என்னாச்சு?" என்கிறார்கள். மூச்சையும் அளந்து விட்டேன்.

வியாழன் காலை, அத்தை குளிக்கப் போனதும் கொட்டகைக்குள் நுழைந்தேன். காந்தத்தைப் பிடுங்கினேன். சங்கிலியை அவிழ்த்தேன். சின்னச் சுத்தியலால் வாலில் தட்டினேன். டொக். கொம்பில் தட்டினேன். டொக். பட்டையின் திருகாணியைத் திருப்பப் பார்த்தேன், அசையவில்லை. அந்தக் கடைசி அரைச் சுற்று நான் கேட்டு வாங்கியது. அப்படியே அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டேன். கல் குளிர்ச்சியாக இருந்தது.

நிமிர்ந்தபோது மாமனார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் டீ டம்ளர். என் கையிலிருந்த காந்தத்தைப் பார்த்தார், அவிழ்ந்து கிடந்த சங்கிலியைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் ஜன்னலைக் காட்டினார், பிறகு தன் காதில் போன் வைப்பது போல் கையை வைத்துக் காட்டினார். "நீ இங்க நின்னு பேசுவியே. நான் அடிக்கும்போது வாய் அசையும். நான் நிறுத்தினா நீயும் நிறுத்திடுவே. பாதியிலே நிக்குதேன்னு நான் கொஞ்சம் சேர்த்து அடிப்பேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "அதுக்குப் போயி கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனீங்க."

கறுத்த இரும்பு. வெடித்துப்போன கொக்கிகள். நேரத்தைக் கத்திச் சொல்ல முடியாது, அத்தை பத்தடி தள்ளிக் குளித்துக்கொண்டிருக்கிறார். பத்து விரலையும் காட்டி, மறுபடி ஒரு விரலைக் காட்டினேன். எதற்கு, யாரோடு என்று அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டினார்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் ஜன்னல் பக்கத்தில் துணியோடு நின்றேன். சமையலறையில் அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் கதவு இருக்கிறது, அது சாத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. முன்னறையில் கணவர் யாருக்கோ ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டகையில் உலை எரிந்தது. மாமனார் சுத்தியலை எடுத்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

போன் அடித்தது.

"யாரு போன்ல?" என்றார் அத்தை.

நான் எடுத்தேன். மாமனார் அடித்தார். டொக், டொக். வாலில் அடித்தார். கொம்பில் அடித்தார். சம்மட்டியை எடுத்து இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார். கதவைத் தட்டுகிற அளவுக்குக்கூட வரவில்லை. அவர் சுத்தியலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன பொண்ணும்மா நீ என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த காலி டிரம்மைக் காலால் உருட்டி நிமிர்த்தி, அதன் தலையில் நான்கு போட்டார். வீடே அதிர்ந்தது.

"அப்பா, மீட்டிங்கு" என்று முன்னறையிலிருந்து கணவர் ஓடிவந்து கையை ஆட்டினார். மாமனார் நிறுத்தினார். கணவர் திரும்பிப் போனார். நிசப்தம்.

"ஹலோ, இருக்கீங்களா?" என்றார் மேனேஜர். "மூணு வருஷமா வேலையில இல்லேன்னு போட்டிருக்கு. கை விட்டுப் போயிருக்குமே. கடைசியா எந்த மெஷினோட சத்தத்தை நிறுத்தினீங்க?"

நான் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னேன்.

"கேட்கலம்மா. சத்தமா பேசுங்க."

பீன்ஸ் நறுக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பேசினால் அதைவிடத் தெளிவாகக் கேட்கும். இப்போது வைத்துவிட்டால் ராங் நம்பர் என்று சொல்லலாம். சாயங்காலம் துணி மடிக்கலாம். அடுத்த வருஷமும் மடிக்கலாம். எனக்குப் பயம்தான், வேறொன்றும் இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பட்டறைக்கல்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "போன வாரம்தான் சார். தொண்ணூறு கிலோ. அடிச்சா பதினஞ்சு எண்ணுற வரைக்கும் சத்தம் நிக்கும்."

"இப்ப?"

"ஒண்ணுகூட எண்ண முடியாது."

"அடியில தடியா ரப்பர் குடுத்தீங்களா?"

"தடியா குடுத்தா அடி வீணாகும் சார். கல்லு தத்தும்." எனக்குள் எதுவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டு மில்லிமீட்டர் என்றேன், பட்டை என்றேன், எத்தனை இறுக்கம் என்றேன், கொம்பும் வாலும் ஏன் கத்துகின்றன என்றேன். அவர் குறுக்கே கேட்டார், நான் குறுக்கே பதில் சொன்னேன். பீன்ஸ் நறுக்கும் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரும்பியபோது அத்தை கையில் கத்தியோடு கதவருகே நின்றார். அவருக்குப் பின்னால் கணவர், மைக்கை வாயிலிருந்து மேலே தூக்கிவிட்டபடி.

"சரிம்மா" என்றார் மேனேஜர். "எனக்குத் திருப்தி. லெட்டர் நாளைக்கு அனுப்பறோம். ஒண்ணாந்தேதி வந்து சேர முடியுமா?"

இத்தனை மாதமாக நான் ஏங்கிய கேள்வி. அத்தையின் கண்ணில் கோபம் இல்லை. தைலம் கொண்டுவருகிற போது இருக்கும் அதே முகம்தான், கொஞ்சம் வெளுத்திருந்தது. "என்னம்மா இது?" என்றார் மெதுவாக. கணவர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதைவிடக் கேவலம், அதே வார்த்தை என் நாக்கிலும் வந்து நின்றது. மூன்று வருஷம் சாப்பாட்டோடு சாப்பாடாக அதை நானும் விழுங்கியிருக்கிறேன்.

"பார்க்" என்று ஆரம்பித்தேன்.

"கெடச்சுதா?" என்று கொட்டகையிலிருந்து ஒரு குரல் வந்தது. காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. தெரு முழுவதும் கேட்டிருக்கும். கணவர் திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். மாமனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகட்டுமா என்று சாப்பிடும்போது நான் கேட்டது அவர் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது.

நான் தலையை ஆட்டினேன்.

"என்ன? காதுல விழல. சத்தமா சொல்லு."

போன் காதில் இருந்தபடியே, இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தபடியே, என்னால் முடிந்த அளவுக்குக் கத்தினேன். "கெடச்சிருச்சு மாமா. ஒண்ணாந்தேதி நான் போறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு உலைக்குத் திரும்பினார்.

போனில் மேனேஜர் சிரித்தார். "இவ்ளோ சத்தம் வேண்டாம்மா. ஒண்ணாந்தேதின்னு எழுதிக்கிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் போனைக் கீழே இறக்கினேன். யார் போனில் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.